ஆக்சிஜனும் சர்க்கரையும் இருந்தும் பட்டினி கிடந்த இதயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்பேடு சந்தையில் இரவு நேரத்தில் லாரிகளிலிருந்து மூட்டை இறக்கும் 41 வயது சுமைத் தொழிலாளி ஒருவர், கால் வீக்கத்தோடும் கடும் மூச்சிரைப்போடும் சென்னையின் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதில் தொடங்குகிறது இந்த நிகழ்வு. பயிற்சி மருத்துவர்களின் வகுப்புக்காக எழுதப்பட்ட இக்குறிப்பில் வரும் நோயாளி தனி ஒருவர் அல்லர். இதே நோயோடு வருபவர்களிடம் பொதுவாகக் காணப்படும் கூறுகளை இணைத்து இவரை அமைத்திருக்கிறோம். பரிசோதனை எண்களும் அவ்வாறே அமைந்தவை. செல் எப்படி ஆற்றலைப் பெறுகிறது, எப்படிச் சேமிக்கிறது, எப்படிச் செலவிடுகிறது என்ற பாடத்தை முதலாண்டில் மனப்பாடம் செய்துவிட்டுத் தேர்வோடு மறந்துபோகிறவர்களே அதிகம். அந்தப் பாடத்தின் ஒரே ஒரு படி நின்றுபோனால் படுக்கையில் கிடப்பவர் எப்படி இருப்பார் என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது.

நோயாளியின் வரலாறு

ஏறத்தாழ மூன்று வாரங்களாக இரு கால்களும் வீங்கி வந்திருக்கின்றன. முதலில் மாலையில் மட்டும் தெரிந்த வீக்கம், பிறகு முழங்கால் வரை ஏறி நாள் முழுதும் நிலைத்துவிட்டது. உள்ளங்கால் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை என்று அவரே சொன்னார். சேர்க்கப்பட்ட அன்று அதிகாலையில் வேலையின் நடுவே மூச்சு வாங்கி உட்கார்ந்தவரால் மீண்டும் எழ முடியவில்லை. பல ஆண்டுகளாக நாள்தோறும் மது அருந்துபவர். நீரிழிவு இல்லை, மெட்ஃபார்மின் உள்ளிட்ட எந்த மருந்தும் எடுத்ததில்லை, காய்ச்சல் இல்லை.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 128. ரத்த அழுத்தம் 96/38. கீழ் எண் இவ்வளவு தாழ்ந்திருந்தது கவனிக்கத்தக்கது. மூச்சு நிமிடத்துக்கு 34. கழுத்துச் சிரைகள் புடைத்திருந்தன. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் இருப்பவரிடம் எதிர்பார்க்கும் குளிர்ந்த கைகால்களுக்கு மாறாக, இவருடைய கைகள் வெதுவெதுப்பாக இருந்தன; மணிக்கட்டில் நாடி துள்ளி விழுந்தது. விரல் நுனியில் பொருத்திய கருவி, வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்காமலேயே 98 சதவீதம் காட்டியது. இதயம் செயலிழப்பதற்கான அடையாளங்களும், ரத்தம் மிக விரைவாக ஓடுவதற்கான அடையாளங்களும் ஒரே உடலில் சேர்ந்திருந்தன என்பதே இந்த நோயாளி முன்வைத்த முதல் முரண்.

ரத்த வாயுப் பரிசோதனையில், அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் 7.12, அமிலத்தை ஈடுசெய்யும் பைகார்பனேட் 7, லாக்டேட் லிட்டருக்கு 13.6 மில்லிமோல். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தாமல் குளுக்கோஸை உடைக்கும்போது சேரும் லாக்டேட், இயல்பாக 2-க்குக் கீழே இருக்க வேண்டும். சோடியம் 134, குளோரைடு 98. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் வருவது அயனி இடைவெளி, இவருக்கு 29. இயல்பான 12-ஐக் கழித்தால் மிஞ்சும் 17-இன் பெரும்பகுதிக்கு லாக்டேட்டே கணக்குச் சொல்லிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை 62 மில்லிகிராம், ஹீமோகுளோபின் 11.8. இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் வலப்பக்க அறைகள் விரிந்திருந்தாலும் இடக்கீழறையின் சுருங்கும் திறன் குறையவில்லை.

முதல் சில மணி நேரம்

தமிழ்நாட்டில் மது அருந்தும் ஒருவர் கடும் அமிலத்தன்மையோடு வந்தால், முதலில் மெத்தனாலைத்தான் நினைக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, இதை நினைக்காமல் விடும் பணி மருத்துவர் இருக்க முடியாது. இவர் குடித்தது கடைச் சரக்கு, பார்வை மங்கவில்லை, விழித்திரை இயல்பாக இருந்தது, மெத்தனால் போன்றவை ரத்தத்தில் இருந்தால் கூடும் ஆஸ்மோலார் இடைவெளியும் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கவில்லை. அடுத்து ரத்தத்தில் கிருமித்தொற்று என்ற எண்ணத்தில் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்பட்டது. சிரைவழி இரண்டு லிட்டர் உப்புநீர் ஏறியது. சர்க்கரை தாழ்ந்திருந்ததால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்னும் குளுக்கோஸ் கரைசல் 100 மில்லியும், தொடர்ந்து 10 சதவீதச் சொட்டும் கொடுக்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமான முடிவுகளே.

ஆனால் நோயாளி தேறவில்லை. சில மணி நேரத்தில் லாக்டேட் 16.8 ஆனது, ரத்த அழுத்தம் 78/34-க்கு இறங்கியது, அழுத்தத்தை ஏற்றும் நார் அட்ரினலின் தொடங்க வேண்டியதாயிற்று. கழுத்துச் சிரையில் பொருத்திய குழாயிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 86 சதவீதம் இருந்தது. உடலைச் சுற்றித் திரும்பி வரும் ரத்தத்தில் இது சுமார் 70 சதவீதமாகக் குறைந்திருக்க வேண்டும். நுரையீரல் ஆக்சிஜனை ஏற்றுகிறது, இதயம் அதைக் கொண்டுசேர்க்கிறது, திசுக்களோ அதைத் தொடாமல் திருப்பி அனுப்புகின்றன. ரத்தம் வேகமாக ஓடியதும் இந்த எண்ணுக்கு ஓரளவு காரணம்தான். ஆனாலும் லாக்டேட்டையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், குறை வழங்கலில் இல்லை, பயன்படுத்துவதில் இருக்கிறது என்ற முடிவைத் தவிர்க்க முடியாது.

நோயாளியின் மனைவியிடம் உணவைப் பற்றிக் கேட்டபோதுதான் நோய் பிடிபட்டது. "சோறுன்னு உக்காந்து சாப்ட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது மேடம். டீ, பன்னு, ராத்திரில ரெண்டு பரோட்டா, அவ்ளோதான். மத்ததெல்லாம் குடிதான்" என்றார் அவர். கண்களைப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னபோது விழிகள் லேசாகத் துடித்ததும் அப்போதுதான் குறித்துக்கொள்ளப்பட்டது. மைதா, சர்க்கரை, தேநீர், மது: இந்த நான்கிலும் கலோரி உண்டு அல்லது சுறுசுறுப்பு உண்டு, தயமின் என்னும் வைட்டமின் பி1 இல்லவே இல்லை, அல்லது பெயரளவில்தான் உண்டு. மது போதாக்குறைக்கு, உள்ளே வரும் கொஞ்சநஞ்சத் தயமினையும் குடலில் உறிஞ்சவிடாது. கல்லீரலில் தங்கவும் விடாது. உடலில் மொத்த இருப்பே சுமார் 30 மில்லிகிராம். வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் காலியாகிவிடும். கடும் உடலுழைப்பும் மாவுச்சத்து மிகுந்த உணவும் தேவையைக் கூட்டுபவை. இவரிடம் எல்லாம் ஒருங்கே அமைந்திருந்தன. தயமின் குறைவால் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும் இந்த நோய்க்குப் பெரிபெரி என்று பெயர்.

எந்தப் படியில் அடைபட்டது

ஆற்றலுக்கான நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. நம் உடலில் எந்த நொடியிலும் இருப்பில் உள்ளது ஏறக்குறைய 100 கிராம் மட்டுமே. ஆனால் ஓய்வாகப் படுத்திருந்தாலும் ஒரு நாளில் சுமார் 40 கிலோ ஏடிபி செலவாகிறது. அதாவது, ஒரே மூலக்கூறு பாஸ்பேட்டை இழந்தும் மீண்டும் பெற்றும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை சுழல்கிறது. இதயம் மட்டும் நாளுக்கு ஆறு கிலோ அளவுக்குச் செலவிடுகிறது; உற்பத்தி நின்றால் அதன் கையிருப்பு சில நொடிகளுக்குமேல் தாங்காது. ஆகவே ஏடிபியைச் சேமிப்பு என்று சொல்வது தவறான எண்ணத்தைத் தரும். சேமிப்பு வேறு இடங்களில் இருக்கிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன், தசைகளில் சுமார் 400 கிராம், அதற்குமேல் பல கிலோ கொழுப்பு. தசையில் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சிறு கைமாற்றுக் கணக்கும் உண்டு.

இந்தச் சேமிப்பை ஏடிபியாக மாற்றும் பாதை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. செல்லின் சாற்றில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக உடைகிறது. நிகர வரவு 2 ஏடிபி. ஆக்சிஜன் இதற்குத் தேவையில்லை. பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆனபிறகுதான் பெருவரவு தொடங்குகிறது. 1937-இல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கிய சுழற்சியில் அது படிப்படியாகச் சிதைந்து, அதன் எலக்ட்ரான்கள் என்ஏடிஹெச் போன்ற கடத்திகளில் ஏற்றப்படுகின்றன. அந்த எலக்ட்ரான்கள் உட்சவ்வில் உள்ள புரதங்களின் வழியே இறங்கி இறுதியில் ஆக்சிஜனைச் சேரும்போது, வழியில் விடுபடும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபக்கம் தள்ளப் பயன்படுகிறது. தள்ளப்பட்ட புரோட்டான்கள் திரும்பி வரும் விசையில் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி சுழன்று ஏடிபியை உருவாக்குகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் இதை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெற்பயிரின் இலை சூரிய ஒளியைப் பிடித்து வைப்பதும் இதே உத்தியில்தான்: அங்கே எலக்ட்ரானை ஒளி தூக்கிவிடுகிறது, புரோட்டான் சரிவும் அதனால் சுழலும் நொதியும் பசுங்கணிகத்திலும் உண்டு. ஒரு குளுக்கோஸுக்கு மொத்த வரவு 30 முதல் 32 ஏடிபி.

இரண்டு கட்டங்களையும் இணைக்கும் வாசலில் நிற்பது பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதித் தொகுதி. தயமினின் செயல்படும் வடிவமான தயமின் பைரோபாஸ்பேட் இல்லாமல் அது இயங்காது. தயமின் தீர்ந்துபோனால் பைருவேட் வெளியிலேயே தேங்குகிறது. இனி செல்லுக்கு மிஞ்சுவது குளுக்கோஸ் ஒன்றுக்கு 2 ஏடிபி மட்டுமே. அந்த இரண்டையாவது தொடர்ந்து பெற வேண்டுமென்றால், வழியில் எலக்ட்ரானை ஏற்று என்ஏடிஹெச் ஆக மாறிவிட்ட என்ஏடியை மீட்க வேண்டும். பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவது அதற்காகத்தான். லாக்டேட்டைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. உண்மையில் அது, கடைசி வரவையும் இழக்காமலிருக்கச் செல் கொடுக்கும் விலை. மது இந்தக் கணக்கை மேலும் கெடுக்கிறது: கல்லீரல் மதுவைச் சிதைக்கும்போது என்ஏடிஹெச் குவிந்து, பைருவேட்டை லாக்டேட்டின் பக்கமே தள்ளுகிறது, லாக்டேட்டிலிருந்து புதிய குளுக்கோஸ் செய்யும் வேலையும் தடைப்படுகிறது. நோயாளியின் சர்க்கரை 62-க்கு இறங்கியதற்குக் காரணம் இதுவே.

டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியபின் நோயாளி மோசமானதன் காரணமும் இப்போது புரியும். வாசல் மூடியிருக்கும்போது உள்ளே வரும் ஒவ்வொரு குளுக்கோஸும் இரண்டு லாக்டேட்டாக வெளியேறுகிறது. மிஞ்சியிருந்த சொற்பத் தயமினும் அந்த வேலையில் கரைகிறது.

கொழுப்பு ஏன் காப்பாற்றவில்லை என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நல்ல கேள்வி. இதயம் தன் தேவையின் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலத்திலிருந்து பெறுவது. கொழுப்பு அமிலம் பைருவேட்டைத் தொடாமலேயே அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகிறது. ஆனால் கிரெப்ஸ் சுழற்சியின் நடுவே உள்ள ஆல்பா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதிக்கும் அதே தயமின்தான் வேண்டும். முன்வாசல் வழியே வந்தாலும் பக்கவாசல் வழியே வந்தாலும் உள்ளே அதே இடத்தில் பாதை நிற்கிறது. ஏடிபி குறையும்போது சேரும் அடினோசின் சிறு தமனிகளை விரிக்கிறது. கைகள் வெதுவெதுப்பாக இருந்ததும், கீழ் ரத்த அழுத்தம் 38-க்குத் தாழ்ந்ததும், இதயம் தன் சக்திக்கு மீறி ஓடியதும் இந்த விரிவின் விளைவுகளே. அழுத்தம் தாழ்ந்ததைக் கண்ட சிறுநீரகங்கள் உப்பைத் தேக்கின, கால்கள் வீங்கின.

மெத்தனாலோடு ஒப்பிட்டால் படம் இன்னும் தெளிவாகும். மெத்தனாலிலிருந்து உருவாகும் ஃபார்மிக் அமிலம், எலக்ட்ரான் ஆக்சிஜனைச் சேரும் கடைசிப் புரதத்தை முடக்குகிறது. அங்கேயும் ஆக்சிஜன் தீண்டப்படாமல் திரும்பும், லாக்டேட் ஏறும். பாதையின் கடைசிப் படியில் அடைத்தாலும் நடுவில் அடைத்தாலும் ரத்தப் பரிசோதனை ஏறத்தாழ ஒரே முகத்தைக் காட்டுவதால், இரண்டையும் பிரித்தறிய நோயாளி என்ன குடித்தார் என்பதோடு என்ன சாப்பிட்டார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

தயமினுக்கும் ஆக்சிஜன் பயன்பாட்டுக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. 1930-களில் ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ், தயமின் இல்லாத உணவில் வளர்ந்த புறாக்களின் மூளைத் திசு ஆக்சிஜனை மந்தமாகவே எடுப்பதையும், லாக்டேட் தேங்குவதையும், சோதனைக் குழாயில் சிறிதளவு தயமினைச் சேர்த்ததுமே உறிஞ்சல் மீள்வதையும் காட்டினார். தயமின் பைரோபாஸ்பேட்டை இனங்கண்டவர்களில் ஒருவரான கார்ல் லோமன் என்ற ஜெர்மானியரே, 1929-இல் ஏடிபியைக் கண்டறிந்தவரும் ஆவார். அதே ஆண்டில் அமெரிக்காவில் தனித்து அதைக் கண்டறிந்தவர்கள் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கிரியாட்டின் பாஸ்பேட்டை 1927-இல் வெளிப்படுத்தியதும் இந்த இருவரே. ஏடிபியைப் படிக்கும் சென்னை மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அரிசியும் மைதாவும்

சென்னை ராஜதானியின் வடக்கே, ஆந்திரக் கடற்கரையை ஒட்டிய வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; தமிழ் மாவட்டங்களில் அரிது. இரு பகுதிகளிலும் சோறுதான் உணவு. வேறுபாடு, அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் தன்மையுடைய தயமின் தவிட்டடுக்கிலிருந்து மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதன் கணிசமான பகுதி அரிசியிலேயே தங்குகிறது. தயமினின் மூலக்கூறு அமைப்பை 1936-இல் நிறுவிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரில் 1886-இல் பிறந்தவர் என்பது கூடுதல் செய்தி.

நெல்மணி தயமினைத் தன் முளைக்கருவுக்கு அருகிலும் மேலடுக்கிலும் வைத்திருப்பது தற்செயல் அல்ல என்றே கருதுகிறேன். முளைக்கும்போது மாவுச்சத்தை எரிக்கப்போவது அந்தக் கரு. எரிக்கும் நொதிகளுக்குத் தயமின் வேண்டும். நாம் தீட்டும்போது எரிபொருளை வைத்துக்கொண்டு, அதை எரிக்கத் தேவையானதைத் தவிட்டோடு மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். மைதாவிலும் நடப்பது இதுவே. செறிவூட்டிய அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகிய மூன்றே கட்டாயம், தயமின் கட்டாயமில்லை. அரிசியைப் பலமுறை கழுவுவதும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் இருப்பதைக் குறைக்கும்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

தயமின் அளவைப் பார்ப்பதற்கான ரத்தம் எடுத்து வைக்கப்பட்டது. முடிவு வர நாட்கள் ஆகும் என்பதால் காத்திருக்கவில்லை. 500 மில்லிகிராம் தயமின் சிரைவழி செலுத்தப்பட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொடரப்பட்டது. தயமின் வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் குறைந்திருக்கும் என்பதால் அதுவும் கொடுக்கப்பட்டது. நான்கு மணி நேரத்தில் லாக்டேட் 9-க்கு இறங்கியது. மறுநாள் காலை 2.4. நார் அட்ரினலின் நிறுத்தப்பட்டது. சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. சிரை ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 86-இலிருந்து 68 சதவீதமாகக் குறைந்தது. ஆக்சிஜன் குறைந்ததைக் கண்டு மருத்துவர் மகிழும் தருணங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

தயமின் கொடுக்கும் முன் குளுக்கோஸ் கொடுக்கவே கூடாது என்று வகுப்புகளில் சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. சர்க்கரை தாழ்ந்த மூளை காத்திருக்காது. தயமின் ஊசி வரும்வரை டெக்ஸ்ட்ரோஸை நிறுத்திவைப்பது பெருந்தவறு. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே சரி. தயமின் விலை சொற்பம். தீங்கு மிக அரிது. காரணம் தெரியாத லாக்டேட் உயர்வோடு வரும் ஒவ்வொரு மது நோயாளிக்கும், சந்தேகம் உறுதியாகும்வரை காத்திராமல் கொடுத்துவிடலாம் என்பது என் நிலைப்பாடு.

மூன்றாம் நாள், நன்றாகச் சாப்பிடத் தொடங்கியவரின் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்தது. பட்டினியிலிருந்து மீளும் செல்கள் குளுக்கோஸை உள்ளிழுத்தவுடன் அதில் பாஸ்பேட்டை ஒட்டவும், தீர்ந்த ஏடிபியை மீண்டும் கட்டவும் ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டையே எடுத்துக்கொள்கின்றன. உணவைச் சற்றுக் குறைத்து, பாஸ்பேட் கொடுத்து இது சரிசெய்யப்பட்டது. ரத்தத்தில் பாஸ்பேட்டை மாலிப்டேட் கொண்டு நிறமாக்கி அளக்கும் முறையை 1925-இல் வகுத்தவர்களும் ஃபிஸ்கேயும் சுப்பாராவுமே. பல தலைமுறை ஆய்வகங்கள் அதைத்தான் பயன்படுத்தின.

வீடு திரும்பும்போது தயமின் மாத்திரை, போதை மீட்புப் பிரிவுக்கான கடிதம், உணவு அறிவுரை ஆகியவை தரப்பட்டன. வேர்க்கடலை, பயறு வகைகள், புழுங்கல் அரிசிச் சோறு என்று, அவருடைய கூலிக்குக் கட்டுப்படியாகும் பொருள்களையே மனைவியிடம் எடுத்துச் சொன்னோம். சில வாரங்கள் கழித்து எடுத்த எக்கோவில் வலப்பக்க அறைகள் இயல்பான அளவுக்குத் திரும்பியிருந்தன. கால் வீக்கம் இல்லை. விழித் துடிப்பும் இல்லை.

உள்ளங்கால் மரத்துப்போனது மட்டும் மாறவில்லை. இதயத் தசை அழியவில்லை. அதற்கு ஆற்றல்தான் கிடைக்காமல் இருந்தது, கிடைத்ததும் ஒரே நாளில் எழுந்துகொண்டது. நரம்பின் கதை வேறு. முதுகுத்தண்டின் அருகிலிருந்து பாதம் வரை ஒரு மீட்டர் நீளும் நரம்பிழைக்கு அதன் கடைக்கோடி வரை பொருள்களைக் கொண்டுசேர்ப்பதற்கே இடைவிடாமல் ஏடிபி வேண்டும். வரவு நீண்டகாலம் குறையும்போது நுனியிலிருந்து இழை சிதைகிறது. சிதைந்தது மீண்டும் வளர வேண்டும். அந்த வளர்ச்சி நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதனால் அவரிடம் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும் என்றும், அதுவும் முழுமையாக மீளாமல் போகலாம் என்றும், அதுவரை சந்தையின் ஈரத்தரையில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, இரவில் படுக்குமுன் பாதங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினோம்.